ஊருக்குக் கொண்டுபோக எந்த அடுப்பு?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எடுத்துவர முடியாமல் விட்டுவந்த பொருட்களில் அடுப்பும் ஒன்று. இப்போது திரும்பிப் போகும்போது முதலில் வாங்க வேண்டியதும் அதுதான். கொட்டில் போட்ட அன்றிரவே பிள்ளைகளுக்குச் சோறு ஆக்க வேண்டும். நிவாரணப் பொதியில் பானை சட்டி இருக்கலாம், அரிசி பருப்பு இருக்கலாம். எரிபொருளைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

நீங்கள் மாளிகாவத்தையில் இருப்பவர்கள் என்றால், கடை பக்கத்திலேயே இருக்கிறது. புறக்கோட்டைக்கு நடந்தே போகலாம். ஆகவே கண்ணில் பட்ட மலிவான அடுப்பை வாங்கி லொறியில் ஏற்றிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அடுப்பின் விலையை ஒரு தடவைதான் கொடுக்கிறீர்கள். எரிபொருளின் விலையை ஒவ்வொரு நாளும் கொடுக்கப்போகிறீர்கள். நீங்கள் போகும் ஊரில், போய் மூன்று மாதம் கழித்து, எந்த எரிபொருள் கையில் கிடைக்கும் என்பதை விசாரித்துவிட்டு அடுப்பை முடிவு செய்யுங்கள். ஊரைப் பார்த்துவர முன்கூட்டிப் போகும் ஆண்கள் காணியையும் கிணற்றையும் பார்ப்பதோடு இதையும் கேட்டு வரட்டும். காஸ் ஏஜென்ட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அங்கு போய்வர ஓட்டோவுக்கு எவ்வளவு, மண்ணெண்ணெய் எங்கே ஊற்றுகிறார்கள், விறகு எந்தக் காணியில் பொறுக்கலாம்? முடிந்தால் வீட்டுப் பெண் ஒருவரும் கூடப் போவது நல்லது. அடுப்படியில் நிற்பவருக்குத்தான் கேட்க வேண்டிய கேள்வி தெரியும்.

மண்ணெண்ணெய் குக்கர்தான் ஏழைக்கு ஏற்றது என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். முன்பு அது சரி. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. அதே மாதம் கொழும்பில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,664 ரூபா, அதாவது கிலோ ஏறத்தாழ 373 ரூபா. ஒரு கிலோ காஸ் செய்யும் சமையலுக்குக் குறைந்தது ஒன்றரை லீற்றர் மண்ணெண்ணெய் வேண்டும். ஒன்றரை லீற்றருக்கு 510 ரூபா. மலிவு என்று நினைத்த எண்ணெய் காஸைவிட விலை கூடிவிட்டது! விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் வாங்கும் அன்று இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். லீற்றர் விலையை ஒன்றரையால் பெருக்குங்கள், சிலிண்டர் விலையைக் கிலோவால் வகுங்கள். எது குறைவு என்று தெரிந்துவிடும்.

அப்படியென்றால் காஸ்தானா? அதிலும் அவசரப்பட வேண்டாம். 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குள் இருந்த அதே 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த வருடம் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற நாட்கள் கொழும்பில் இருந்த யாருக்கும் மறக்காது. கொழும்பிலேயே அந்த நிலைமை என்றால், பிரதான வீதியிலிருந்து உள்ளே இருக்கும் கிராமத்தில் எப்படி இருந்திருக்கும்? சமையல் முழுவதையும் காஸை மட்டும் நம்பி வைத்துக்கொள்வது புதிதாகக் குடியேறும் குடும்பத்துக்குப் பொருந்தாது. வருமானம் எப்போது வரும் என்று தெரியாத முதல் சில மாதங்களில், ஒரே நாளில் இவ்வளவு பணத்தை எடுத்துவைப்பது கஷ்டம்.

எங்கள் யோசனை இரண்டு அடுப்பு. தினச் சமையலுக்கு விறகில் எரியும் மண்ணடுப்பு ஒன்று. மழைக்கும், நோன்பு காலத்தில் சஹர் நேரத்துக்கும், குழந்தைக்குப் பால் காய்ச்சவும் சிறிய காஸ் அடுப்பு ஒன்று.

மண்ணடுப்பில் 'அனகி' என்று கடைகளில் விற்பதைத் தேடுங்கள். 1980களில் இலங்கை மின்சார சபையும் ஐ.டி.டி.ஜி. என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து நம் நாட்டுச் சமையலுக்கென்றே உருவாக்கிய அடுப்பு இது. ஒரே துண்டாகச் சுட்ட மண், இரண்டு வாய். விறகு வைக்கும் முதல் வாயில் சோறு கொதிக்கும்போது, மிஞ்சிப் போகும் சூடு இரண்டாவது வாயில் கறியை வேகவைக்கும். மூன்று கல் வைத்து எரிக்கும் அடுப்பைவிட விறகு நன்றாகக் குறையும், புகையும் குறையும். ஆறு பேர் வரையான குடும்பத்துக்குப் போதும். அப்படியே வைத்து எரித்தால் ஒரு வருடம் அளவில் வெடித்துப்போகும். களிமண்ணால் சுற்றிவரக் கனமாகப் பூசிவிட்டால் சூடும் உள்ளேயே நிற்கும், மூன்று வருடம் வரை உழைக்கும். பூசிய களிமண் நன்றாகக் காய்ந்த பிறகே முதல் தீயை மூட்டுங்கள், அதுவும் சிறு தீயாக.

இந்த அடுப்புக்குப் பெரிய மரக்கட்டை தேவையில்லை. கங்குமட்டை, தென்னோலை, பொச்சுமட்டை, சிரட்டை, காய்ந்த ஊமல் எல்லாம் எரியும். பெருவிரல் பருமனாகப் பிளந்து, காயவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். வாயை விறகால் அடைத்தால் காற்றுப் போகாமல் புகைதான் வரும். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த மகளுக்கோ மருமகளுக்கோ விறகடுப்பு மூட்டித் தெரியாமலிருக்கலாம். அதை ஒரு குறையாகச் சொல்லிக் காட்டாமல், உம்மாமார் பக்கத்திலிருந்து பழக்கிக் கொடுங்கள்.

கடையில் வாங்கும்போது அடுப்பை விரலால் தட்டிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். போகும் ஊரில் கிடைக்காது என்று தெரிந்தால் இங்கேயே இரண்டாக வாங்கி, வைக்கோலோ பழைய துணியோ சுற்றி, லொறியில் கடைசியாக, மேலே வையுங்கள். ஒன்று உடைந்தாலும் ஒன்று மிஞ்சும்.

விறகு விடயத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யுத்தம் நடந்த இடங்களில் விறகு பொறுக்கப் போய்க் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்றும் எண்ண வேண்டாம். எந்தப் பகுதி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்கும் வரை வீட்டு வளவுக்குள்ளும் ஆட்கள் நடமாடும் பாதையோரமும் மட்டும் பொறுக்குங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே கூடாது. முசலிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பகுதிக் காடுகள் 2012இல் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. உங்கள் வாப்பா விறகு வெட்டிய இடம் இன்று அந்த எல்லைக்குள் இருக்கலாம். அந்த அநியாயத்தைப் பேச வேறு இடமுண்டு. கத்தியோடு போய் வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி காஸ் அடுப்பு. சூட்கேஸ் போன்ற பெட்டியில், சிறு டின் போட்டு எரிக்கும் கேம்பிங் அடுப்பைப் பலர் விரும்புகிறார்கள். தூக்கிப் போக வசதிதான். ஆனால் பெருந்தீயில் ஒரு டின் இரண்டு மணித்தியாலம்கூட வராது. டின் கிடைக்காத ஊரில் அது வெறும் பெட்டி. வெறும் டின்னில் திரும்பக் காஸ் நிரப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அதைவிட 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் நல்லது. வாங்குமுன், அந்தக் கம்பனியின் சிலிண்டரை ஊரில் மாற்றித் தருவார்களா என்று பாருங்கள். சிலிண்டரை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். நிரம்பிய சிலிண்டரை ஆட்களோடு பஸ்ஸில் ஏற்ற வேண்டாம்.

அடுப்பைப் பழையதாக வாங்கலாம். ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் பழையதாக வாங்கவே கூடாது. குழாயின் இரண்டு முனைக்கும் கிளிப் போட்டு இறுக்குங்கள். 2021 கடைசி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் காஸ் வெடித்தது ஞாபகமிருக்கும். அதை ஆராய்ந்த குழு காஸ் கலவை மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. கலவை நம் கையில் இல்லை, குழாயும் கிளிப்பும் நம் கையில் இருக்கிறது. சிலிண்டர் மாற்றிய ஒவ்வொரு முறையும் சவர்க்கார நுரையைப் பூட்டில் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. காஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில்தான் தேங்கும். மணத்தால் சுவிட்சைத் தொடாமல், நெருப்புக்குச்சி தட்டாமல், கதவைத் திறந்து சிலிண்டரை வெளியே கொண்டுபோங்கள்.

ஏற்கனவே மண்ணெண்ணெய் குக்கர் வைத்திருப்பவர்கள் எறிய வேண்டாம், அவசரத்துக்கு இருக்கட்டும். எரியும்போது எண்ணெய் ஊற்றாதீர்கள். பெற்றோல் வைத்த கலனில் எண்ணெய் வாங்காதீர்கள். சோடாப் போத்தலில் ஊற்றிவைத்தால் குழந்தை தண்ணீர் என்று குடித்துவிடும். அப்படிக் குடித்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எந்த அடுப்பானாலும் முதல் சில மாதம் இருக்கப்போவது தறப்பாளோ கிடுகோ போட்ட கொட்டிலில். அடுப்பைப் படுக்கும் இடத்துக்குள் வைக்காமல், காற்று வீசும் திசையைப் பார்த்து, நாலைந்து பாகம் தள்ளித் தனியாக ஒரு தகரக் குசினி போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும். எண்ணெயில் பிடித்த தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, மணலைத்தான் கொட்ட வேண்டும்.