கற்கும் ரிமோட்

தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, கணிப்பொறி என மூன்றுக்கும் மூன்று ரிமோட் இருந்தால், பார்வை மங்கிய பாட்டி எதை எடுப்பார்? இதற்கு விடை, கற்கும் ரிமோட். ஸ்டீவ் வாஸ்னியாக்கின் நிறுவனம் 1987இல் இத்தகைய ஒன்றை வெளியிட்டது.

ரிமோட்டின் மொழி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலும் விநாடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் அவ்வொளி, விட்டுவிட்டு வருவதே கட்டளையாகும். பழைய ரிமோட்டை எதிரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், புதியது அந்த இடைவெளிகளைப் பதிந்துகொண்டு, பின்பு அப்படியே ஒப்புவிக்கும்.

கணிப்பொறிக்கோ ஓர் அகச்சிவப்பு ஏற்பி தேவை. எக்குறிக்கு எச்செயல் என்பதை மென்பொருளில் நாமே அமைக்கலாம். மற்றக் கருவிகள் ஏற்காத குறியைத் தேர்ந்தால் குழப்பமில்லை.

தோழியரே, ரிமோட் பொருளறியாமல் ஒப்புவிக்கிறது. நாமும் அவ்வாறு கற்கலாமா?