ஈர மண்ணிலும் தக்காளி ஏன் வாடுகிறது?

ஈரமான மண்ணில் நிற்கும் தக்காளிச் செடி, இலை பச்சையாக இருக்கும்போதே சில நாட்களில் துவண்டு விழுகிறது. தண்ணீர் போதவில்லை என்று மேலும் பாய்ச்சினால், அந்த நீரோடு நோய் பக்கத்துச் செடிக்கும் போகும்.

காரணம், ரால்ஸ்டோனியா என்ற மண்வாழ் பாக்டீரியா. வேர்க்காயம் வழியே நுழைந்து, நீரேற்றும் சைலம் குழாய்களில் பெருகி, பிசுபிசுப்பான பொருளைச் சுரந்து அவற்றை அடைத்துவிடுகிறது.

ஃபியூசேரியம் பூஞ்சையும் செடியை வாட்டும். ஆனால் அதில் பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். சந்தேகம் தீர, தரையை ஒட்டிய தண்டில் விரல் நீளம் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். பாக்டீரியா வாடல் என்றால், சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிழைகள் கீழே இறங்கும். குழாயில் நெருக்கியடித்துக் கிடந்த பாக்டீரியாக் கூட்டமே அது. பூஞ்சை வாடலில் இழை வராது.

மருந்துக்கடைக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்: பூஞ்சைக்கொல்லி இந்தப் பாக்டீரியாவை அழிக்காது, பணம்தான் வீண். நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். அடுத்த போகம் அங்கே கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம். நெல்லோ மக்காச்சோளமோ போடலாம்.