சர்க்கரை ஏறும்வரை மழை பொறுக்குமா?

டெல்லியைத் தென்மேற்குப் பருவமழை தொடும் வழக்கமான நாள் ஜூன் 27. இது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கு. கோடையில் வெந்துபோன தலைநகரம் அந்த நாளுக்காக ஏங்கிக் கிடக்கும். பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் திராட்சைக் கொடிகளுக்கோ அதுதான் கெடு. அதற்குள் பழம் இறங்கியாக வேண்டும்.

இந்த நெருக்கடிக்குக் காரணம் வட இந்தியக் குளிர். மகாராஷ்டிரத்தில் கொடி உறங்குவதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கவாத்து செய்து, மழையற்ற ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. டெல்லியில் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடியை ஜனவரி வாக்கில் கவாத்து செய்தால், குளிர் விலகிய பிறகே துளிர்விடும். தாம்சன் சீட்லெஸ் போன்ற ரகங்களில் சர்க்கரை முழுதாக ஏறுவதற்குள் வானம் இருண்டுவிடும்.

முற்றும் தறுவாயில் மழை பெய்தால் பழம் நீரை இழுத்துக்கொண்டு உப்பும். தோல் தாங்காமல் வெடிக்கும். வெடிப்பில் பூஞ்சை இறங்கும். நெருக்கமான குலையில் ஒரு பழம் அழுகினால் பக்கத்துப் பழங்களும் தப்பாது. வெடிக்காத பழத்திலும் இனிப்பு நீர்த்துப்போகும். ஒயினுக்கு இது பெரிய அடி. ஒரு சதவீத ஆல்கஹால் உருவாக, லிட்டர் சாற்றுக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தேவை. மழைக்கு அஞ்சி முன்கூட்டியே பறித்தாலும் சிக்கல்தான்: புளிப்பு தூக்கலாக நிற்கும், விதையின் பச்சைத் துவர்ப்பு ஒயினில் இறங்கும்.

ஆகவே அறுவடை நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்க முடியாது. வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், குலையின் தோள், நுனி எனப் பல இடங்களில் பழம் எடுக்கிறார்கள். சாற்றில் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், நீலமும் வெண்மையும் பிரியும் கோட்டில் பிரிக்ஸ் எனும் சர்க்கரை அளவு தெரியும். பொதுவாக 22 முதல் 24 வரை வந்தால் ஒயினுக்கு ஏற்றது. கருவி சொல்வதோடு விடாமல் விதையையும் கடித்துப் பார்ப்பார்கள். பழுப்பேறி மொறுமொறுவென்று உடைந்தால் பழம் முதிர்ந்துவிட்டது.

ஒயின் ஆலைக்குள் வேலை இன்னும் முன்னதாகத் தொடங்கும். தொட்டிகளைக் காலி செய்து கழுவ வேண்டும். பிழியும் இயந்திரமும் குளிரூட்டியும் பழுதில்லாமல் ஓட வேண்டும். ஈஸ்ட் கையிருப்பு வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் இரண்டு வாரம் நிதானமாக வர வேண்டிய பழம் இரண்டே நாளில் வாசலில் குவியும். தொட்டி காலியில்லாத ஆலைக்கு வானிலை அறிக்கை கையில் இருந்தும் பயனில்லை. பறிக்கும் ஆட்களை முன்பே பேசிவைப்பதும் அதனால்தான். வெயில் ஏறுமுன் பறித்த பழம் குளிர்ச்சியாக ஆலைக்கு வந்தால் நொதித்தலைக் கட்டுக்குள் வைக்கலாம்.

பூசா விஞ்ஞானிகள் தேடிய விடை வேறு: மழையை முந்தும் கொடி. 1990களில் அவர்கள் வெளியிட்ட பூசா ஊர்வசி, பூசா நவரங் இரண்டும் ஜூன் தொடக்கத்திலேயே பழுக்கும் ரகங்கள். நவரங்கின் சதையே சிவப்பு. சாற்றுக்கும் வண்ண ஒயினுக்கும் உகந்தது. பறவைக்கண் எனும் பூஞ்சை நோயையும் தாங்கும். நாட்டின் திராட்சை ஆராய்ச்சியில் டெல்லி தந்த மிக நல்ல கொடை இதுவே என்பேன்.

ஆனால் ஆலங்கட்டியை எந்த ரகமும் முந்த முடியாது. வறண்ட பருவத்தை நம்பியிருக்கும் நாசிக்கில் 2023 நவம்பர் 26 அன்று ஆலங்கட்டியோடு பெய்த மழை, காய் பிடித்திருந்த தோட்டங்களைச் சிதைத்தது. 2014 பிப்ரவரி, மார்ச்சிலும் மகாராஷ்டிர விவசாயிகள் இதே அடியை வாங்கினார்கள். 2016 முதல் மறுசீரமைக்கப்பட்ட வடிவில் நடப்பில் உள்ள வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் மழைக்கும் வெப்பத்துக்குமான இழப்பீடு, வானிலை நிலையத்தில் பதிவாகும் அளவை வைத்தே முடிவாகிறது. தோட்டத்தில் கொட்டிய மழை தொலைவில் உள்ள நிலையத்தில் பதிவாகாவிட்டால் விவசாயி வெறுங்கையோடு நிற்பார். திராட்சை வட்டாரங்களில் தானியங்கி நிலையங்களை நெருக்கமாக நிறுவுவது டெல்லியில் உள்ள வேளாண் அமைச்சகமும் வானிலைத் துறையும் கைகோத்துச் செய்யக்கூடிய வேலை. அடுத்த அக்டோபர் கவாத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும்.