தவளையின் பெயர் பூண்ட தூதன்!

டெலிபோனில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவே "கர்... கர்..." என்று ஓர் இரைச்சல். எதிரே இருப்பவர் சொன்னது ஐம்பதா, ஒன்பதா? தெரியவில்லை. "சரியாகக் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்கிறீர்கள். அவரும் சொல்கிறார். காரியம் முடிந்துவிடுகிறது.

மனிதர்களுக்கு இது சுலபம். அதே கம்பி வழியாக இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொண்டால்? இரைச்சலையும் எழுத்து என்றே எண்ணி வாங்கி வைத்துக்கொள்ளும்! ஒரு மாணவன் இரவு பகலாகப் பாடுபட்டு எழுதிய புரோகிராமில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், அவன் உழைப்பெல்லாம் வீண்தான்.

இந்தத் தொல்லைக்கு நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தார் ஒரு பரிகாரம் கண்டார்கள். அது சுவையான கதை.

சீட்டியடிக்கும் பெட்டி

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். டெலிபோன் கம்பியோ மனிதக் குரலுக்காக ஏற்பட்டது. இரண்டையும் இணைத்து வைப்பதுதான் 'மோடம்' என்ற பெட்டி. 0 என்றால் ஒரு சுருதி, 1 என்றால் வேறொரு சுருதி என்று அது சீட்டியடிக்கும். மறுமுனையில் உள்ள மோடம் அதைக் கேட்டு மீண்டும் இலக்கங்களாக்கும்.

'பெல் 103' என்ற மோடத்தின் வேகம் வினாடிக்கு 300 பிட்டுகள். அதாவது சுமார் 30 எழுத்துகள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட ஒரு திரை நிரம்ப ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும்! 1981-ல் 'ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம்' வந்தது. "இந்த நம்பரைச் சுழற்று" என்று கம்ப்யூட்டரே மோடத்துக்கு உத்தரவிட அதில் வழி இருந்தது.

வேஷம் போடும் திரை

யுனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. அன்று அதனுடன் பேச 'டெலிடைப்' என்ற அச்சடிக்கும் யந்திரமே சாதனம். அதன் நினைவாகவோ என்னவோ, யுனிக்ஸில் டெர்மினலுக்கு இன்றைக்கும் 'டி.டி.ஒய்.' என்றே பெயர்!

1978-ல் டிஜிட்டல் கம்பெனியின் 'வி.டி. 100' டெர்மினல் வந்து பெரும் புகழ் பெற்றது. "திரையைத் துடை", "பத்தாவது வரிக்குப் போ" என்பன போன்ற கட்டளைகளுக்கு அதில் தனித்தனிச் சங்கேதங்கள் இருந்தன.

பிறகு மேஜைமேல் யுனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன்கள் வந்தன. தூரத்துக் கம்ப்யூட்டரோ பழைய டெர்மினலைத்தான் அறியும். என்ன செய்வது? ஒர்க்ஸ்டேஷன் வேஷம் கட்டிக்கொண்டது! அதன் திரையில் ஒரு சிறு பகுதி, "நான்தான் வி.டி. 100" என்று நடிக்கும். சங்கேதம் வந்தால் அசல் டெர்மினலைப் போலவே அதற்குக் கீழ்ப்படியும். வேஷம் பொருந்தாவிட்டால் திரை முழுவதும் அடைப்புக்குறியும் எண்ணுமாக அலங்கோலம்தான்!

பொட்டலம் கட்டிய இருவர்

இனி கொலம்பியாவுக்கு வருவோம். அங்கே மாணவர்களின் கோப்புகளுக்குப் பெரிய கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. அவற்றைச் சிறு கம்ப்யூட்டரின் பிளாப்பித் தட்டுக்கு மாற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். ஆனால் இருந்த யந்திரங்கள் பல ஜாதி. ஒன்றுக்கு எழுத்தாகத் தோன்றுவது இன்னொன்றுக்குக் கட்டளையாகத் தோன்றும். அது அதை விழுங்கிவிடும்.

1981-ல் பிராங்க் ட குரூஸ், பில் காச்சிங்ஸ் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். கோப்பைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் உண்டு. யந்திரம் விழுங்கக்கூடிய எழுத்துகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு கூட்டுத் தொகை. வாங்குபவர் தாமும் கூட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் "வந்தது" என்பார். தவறினால் "மறுபடி அனுப்பு" என்பார். டெலிபோனில் நாம் செய்கிறோமே, அதேதான்!

இதற்கு என்ன பெயர் வைப்பது? சுவரில் 'மப்பெட்' பொம்மைகளின் காலண்டர் தொங்கியது. அதிலிருந்த தவளையின் பெயர் 'கெர்மிட்'. அதையே, உரியவர்களின் அனுமதி பெற்று, வைத்துவிட்டார்கள்!

பெயர்தான் தவளை, நடை என்னவோ ஆமை நடை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் வரும்வரை காத்திருந்ததே காரணம். பல பொட்டலங்களை ஒருசேர அனுப்பும் முறை பின்னால் சேர்ந்தபோது அந்தக் குறையும் நீங்கியது. யுனிக்ஸுக்கான 'சி-கெர்மிட்' 1985-ல் வந்தது. டெர்மினல் இணைப்பு, மோடத்தைச் சுழற்றுதல், கோப்பு அனுப்புதல் ஆகிய மூன்று வேலைகளையும் அது ஒன்றே பார்த்தது.

இன்றும் உண்டு

2011-ல் கொலம்பியா தன் கெர்மிட் திட்டத்தை முடித்துக்கொண்டது. ஆனால் புரோகிராமின் மூலத்தை யாரும் எடுத்து ஆளலாம் என்று திறந்துவிட்டார்கள். சீட்டியடிக்கும் மோடங்களின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. எனினும், வலைப்பின்னல் சாதனம் ஒன்று படுத்துவிட்டால், என்ஜினீயர் அதில் ஒரு கம்பியைச் செருகி, அதே பழைய டெர்மினல் வேஷத்தில்தான் அதனுடன் பேசுகிறார்.

கம்பி மாறும், வேகம் மாறும். ஆனால் "நான் சொன்னது சரியாக வந்து சேர்ந்ததா?" என்று கேட்கும் வழக்கம் மட்டும் மாறாது. அது மனிதனுக்கும் நல்லது. யந்திரத்துக்கும் நல்லது, அல்லவா?