விறகு அடுப்பில் நெருப்பு நின்று எரியாதது ஏன்? மூச்சு நோய் உள்ள இல்லங்களுக்கான விளக்கம்

அடுப்பில் வைத்த விறகு முன்போல் நின்று எரிவதில்லை, அடிக்கடி தள்ளிவிட வேண்டியிருக்கிறது, ஊதி ஊதி மூட்ட வேண்டியிருக்கிறது என்பது குலசேகரன்பட்டினம், உடன்குடி, மணப்பாடு சுற்றுவட்டாரங்களில் மூச்சிரைப்புக்காகச் சிகிச்சை பெறும் பெண்கள் அடிக்கடி தெரிவிக்கும் குறை. அவர்கள் இதனை விறகுச் செலவாகவே கருதுகின்றனர். மருத்துவ நோக்கில் இது வேறொரு கணக்கு. நெருப்பு ஒருமுறை தணிந்தால், அதனைத் திரும்ப எழுப்புபவரின் முகம் ஒருமுறை அடுப்பின் வாய்க்கருகே செல்கிறது. விறகு மூட்டும்போதும், தணிந்த நெருப்பு மீண்டும் பற்றும்போதும்தான் புகை மிகுதியாக எழுகிறது. ஒரு வேளைச் சமையலில் இது ஐந்தாறு முறை நிகழ்ந்தால், நுரையீரல் நோய் உள்ளவருக்கு அன்றைய மருந்தின் பயனில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிவிடுகிறது.

எரிவாயு இணைப்பு உள்ள இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. குளிக்க வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், பதநீர் காய்ச்சவும் நம் பகுதியில் இன்றும் விறகுதான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், குழந்தைகளின் நிமோனியா, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றோடு இப்புகைக்குத் தொடர்பு உண்டு. கண்புரையும் இதனால் விரைவில் ஏற்படலாம்.

அடுப்பில் எஞ்சியிருப்பதைப் பாருங்கள்

நெருப்பு தணிந்த பின், சாம்பலை அள்ளுவதற்கு முன்பு, அடுப்பினுள் என்ன எஞ்சியிருக்கிறது என்று கவனியுங்கள். காரணத்தை அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

வெண்மையான மென்சாம்பல் மட்டுமே இருந்தால், விறகு முழுவதும் எரிந்துவிட்டது; ஆனால் தேவைக்கு மீறிய வேகத்தில் எரிந்துள்ளது. கருகிய முனைகளுடன் பாதி எரிந்த கட்டைகள் கிடந்தால், விறகு இருந்தும் நெருப்பு அணைந்திருக்கிறது. நெருப்பு சீராகவே எரிந்தும் உலை கொதிக்க நெடுநேரம் ஆனது என்றால், வெப்பம் பாத்திரத்தைச் சேராமல் வெளியே போகிறது. மூன்றையும் ‘விறகு சீக்கிரம் தீர்கிறது’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றுக்குக் கேடாக முடியக்கூடும்.

விறகு வேகமாக எரிந்து தீர்ந்தால்

முதலில் விறகின் இனத்தைப் பாருங்கள். காய்ந்த பனை ஓலை, பன்னாடை, பாளை, தென்னை ஓலை ஆகியவை எடை குறைந்தவை. காற்று எளிதில் புகுந்துவிடும். அவை குபீரென்று எரிந்து சில நிமிடங்களில் அடங்கும். பற்றவைப்பதற்கு அவை சிறந்தவை. சோறு வடிக்கும் வரை அவற்றையே நம்பினால், சமைப்பவர் அடுப்பை விட்டு எழ முடியாது. சீமை உடை என்று நாம் அழைக்கும் சீமைக்கருவேலம், புளி, வேம்பு போன்ற கனமான மரங்கள் அதே பருமனில் நெடுநேரம் நின்று எரியும்.

அடுத்தது பருமன். ஒரே எடையுள்ள விறகை மெல்லிய சுள்ளிகளாக்கினால் நெருப்புக்கு வெளிப்படும் பரப்பு கூடுகிறது. எரியும் வேகமும் கூடுகிறது. மூட்டுவதற்கு விரல் பருமனும், தொடர்ந்து எரிய மணிக்கட்டுப் பருமனும் போதும். நான்கைந்தை ஒரேயடியாகத் திணிக்காமல் இரண்டு அல்லது மூன்று விறகுகளின் முனைகள் மட்டும் நெருப்பில் இருக்கும்படி வைத்து, எரிய எரியச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளுங்கள். நம் பாட்டிமார் செய்த முறை இதுவே.

மூன்றாவது, மிகையான காற்று. மண் அடுப்பின் வாய் நாளடைவில் விளிம்பு உதிர்ந்து அகன்றுவிடும்; பக்கச் சுவரில் வெடிப்பு விழும். அகன்ற வாய் வழியே காற்று தாராளமாக நுழைந்து விறகைத் தின்றுவிடும். களிமண்ணுடன் சாணமும் உமியும் கலந்து பூசி, வாயைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆனி, ஆடி மாதங்களில், தேரி மணலையே இடம்பெயர்க்கும் மேல்காற்று வீசும்போது, கொல்லைப்புற அடுப்பில் இக்குறை இரட்டிப்பாகும். அப்போது அடுப்பின் வாய் காற்று வரும் திசைக்கு நேராக இருத்தல் கூடாது. காற்றைத் தடுக்க ஓலைத்தட்டி வேண்டாம், பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும். செங்கல் தடுப்பு அல்லது பழைய தகரம் போதும்; அதனையும் சற்றுத் தள்ளியே நிறுத்துங்கள்.

விறகு இருந்தும் நெருப்பு அணைந்தால்

நோயாளிகளுக்கு மிகுந்த தீங்கு செய்வது இந்நிலைதான். இதற்கு முதன்மையான காரணம் ஈரம்.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி நீர். நன்கு காய்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீங்கள் 5 கிலோ பச்சை விறகு வாங்கினால் உண்மையில் எரியக்கூடியது இரண்டரைக் கிலோ. காய்ந்ததாக வாங்கினால் 4 கிலோ. எஞ்சிய நீரை ஆவியாக்கவும் அதே நெருப்புதான் உழைக்க வேண்டும். எடை போட்டு விறகு வாங்குவோர் நீருக்கும் சேர்த்தே விலை கொடுக்கின்றனர். அடுப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகும்போது சுடர் எழுவதில்லை. விறகு கனன்று புகைகிறது. அப்புகையில் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் மிகுதி.

காய்ந்த விறகை அறிவது எளிது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும்; ஈர விறகின் ஒலி மந்தமாக இருக்கும். காய்ந்த விறகின் வெட்டுமுனையில் வெடிப்புகள் தெரியும். எரியும்போது மறுமுனையில் நுரை கட்டிச் சீறினால் அது பச்சை விறகு. விறகைப் பிளந்து வைத்தால்தான் உள்ளீரம் வற்றும். உருட்டுக்கட்டையாக அடுக்கினால் பட்டை ஈரத்தைக் காத்து வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கான விறகைச் சித்திரை, வைகாசியிலேயே பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கி, மேற்புறம் மட்டும் மூடிப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் சுற்றிலும் போர்த்தினால் கடற்கரை ஈரக்காற்று உள்ளேயே தங்கிவிடும்.

விறகு காய்ந்திருந்தும் நெருப்பு அணைந்தால் சாம்பலைப் பாருங்கள். பலநாள் சாம்பல் நிரம்பிய அடுப்பில் காற்று கீழிருந்து ஏற வழியில்லை. புகைபோக்கி உள்ள அடுப்பாயின் அதனுள் படிந்த கரியும் காரணமாகலாம். புகை மேலே செல்லாமல் வாய் வழியே அறைக்குள் திரும்பினால் அதுவே காரணம் என்று கருதலாம். குழாயில் தடித்துப் படிந்த கரி தீப்பற்றவும் கூடும். கூரை வீடுகளில் இதனை ஒத்திப்போடக் கூடாது. அடுப்பு நன்கு ஆறியபின், மூச்சு நோய் இல்லாத ஒருவர், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு தூய்மை செய்ய வேண்டும்.

ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்றை இங்கு நினைவுகூரலாம். புகைபோக்கியுடன் கூடிய மேம்பட்ட அடுப்பு வழங்கப்பட்ட முதல் ஆண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. பழுது பார்க்காமலும் பயன்படுத்தாமலும் விட்டதால் பின்னர் அப்பயன் மறைந்துவிட்டது. நல்ல அடுப்பு வாங்குவதோடு வேலை முடிவதில்லை.

வெப்பம் வீணானால்

பாத்திரத்தின் அடிக்கும் அடுப்பின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். குமிழ்கள் உயர்ந்திருந்தாலோ, அகன்ற அடுப்பில் சிறு பாத்திரம் வைத்தாலோ சுடர் பக்கவாட்டில் வெளியேறும். இடைவெளி விரற்கடை அளவிருந்தால் போதும். முற்றிலும் அடைத்தால் நெருப்பு மூச்சுத்திணறும். பாத்திரத்தை மூடிச் சமைப்பதும், பருப்பையும் அரிசியையும் ஊறவைப்பதும் விறகை மிச்சப்படுத்தும் என்பது நீங்கள் அறிந்ததே.

செய்யக் கூடாதவை

விறகு நீடித்து எரியட்டும் என்று அடுப்பின் வாயைத் தகரம் கொண்டு அடைப்பதும், எரியும் விறகின் மேல் பச்சைக் கட்டையைப் போடுவதும் பலரது வழக்கம். இவற்றால் நெருப்பு நீடிப்பது உண்மை. ஆனால் அது சுடரற்ற புகைச்சலாக நீடிக்கிறது. சிறிது விறகு கூடுதலாகச் செலவானாலும் தெளிந்த சுடருடன் எரிவதே உடலுக்கு நன்று என்பது எமது கருத்து.

அணைந்ததாகத் தோன்றும் கங்கின் மீது மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றாதீர்கள். ஆவி தீப்பிடித்துக் கைக்கும் முகத்துக்கும் பாயும். தீக்காயம் ஏற்பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூசாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டு அடுப்பு மூட்டாதீர்கள். கரையில் ஒதுங்கிய மரமும் பழைய படகுப் பலகையும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் உப்பில் ஊறிய மரம் எரியும்போது குளோரின் சேர்ந்த நச்சுப்பொருள்கள் உண்டாகின்றன. படகுச் சாயத்திலும் நச்சு உலோகங்கள் இருக்கலாம்.

நோயாளியும் பராமரிப்பவரும் கவனிக்க வேண்டியவை

ஊதுகுழலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஊதுவதற்கு முன் ஆழ்ந்து மூச்சிழுக்கிறோம். அடுப்பின் முன்னே இழுக்கும் அந்த மூச்சு புகையை நுரையீரலின் அடி வரை கொண்டு செல்கிறது. மூச்சிரைப்பு உள்ளவர் ஊதுகுழலை விட்டுவிட்டுப் பனையோலை விசிறியைப் பயன்படுத்துங்கள். ஊதியே ஆக வேண்டுமெனில் நீண்ட குழலைக் கொண்டு, முகத்தை வேறுபுறம் திருப்பி மூச்சிழுத்தபின் ஊதுங்கள்.

பல இல்லங்களில் நோயாளியே சமைப்பவராகவும் இருக்கிறார். முடிந்தவரை வேறொருவர் அடுப்பு மூட்டட்டும். நெருப்பு சுடர்விட்டு எரியத் தொடங்கியபின் அவர் வரலாம். ஓர் எரிவாயு உருளையை நெடுநாள் ஓட்ட வேண்டிய நிலையில் இருப்போர், தேநீர், பால், குழந்தையின் உணவு போன்ற சிறு சமையல்களுக்கு எரிவாயுவை ஒதுக்குங்கள். சில நிமிட வேலைக்காக விறகை மூட்டுவதில்தான் புகை மிகுதி, பயன் குறைவு. வெந்நீர் அடுப்பு நோயாளி படுக்கும் அறையின் சன்னலுக்கு அடியில் இருந்தால் இடம் மாற்றுங்கள். பதநீர் காய்ச்சும் விடிலிகளில் பல மணி நேரம் நெருப்பருகே இருப்போர், புகை வெளியேறும் பக்கத்தில் அமராமல் இருப்பதும், இடையிடையே வெளியே வருவதும் தேவை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்காதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்தும் நோயாளி, அடுப்பு எரியும் அறைக்குள் அக்கருவியுடன் செல்லவே கூடாது.

மழைக்காலத்தில் குளிருக்காகவோ, குழந்தை பெற்றவருக்குக் கணப்பு மூட்டுவதற்காகவோ கங்குச் சட்டியை மூடிய அறையில் வைப்பது உயிருக்கு ஆபத்து. கங்கில் புகை தெரியாது. ஆனால் மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். அவ்வாயு இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் ஒட்டிக்கொள்கிறது. காய்ச்சல் இல்லாமல் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம் ஆகியவை ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒருங்கே தோன்றினால் அனைவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108 எண்ணை அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்நிலையில் இயல்பான அளவையே காட்டக்கூடும். அதனை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

புகைபிடிக்கும் பழக்கம் இல்லாத பெண்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும். இதனை வயதின் தளர்ச்சி என்றோ பழைய இளைப்பு என்றோ ஒதுக்கிவிடுவது வழக்கமாக உள்ளது. எட்டு வாரங்களுக்கு மேல் இருமல், காலையில் சளி, மாடிப்படி ஏறினாலோ குடம் தூக்கினாலோ மூச்சிரைப்பு ஆகியவை இருந்தால், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனையும் தேவை. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனைக்காகத் தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்களை அனுப்பக்கூடும். மருத்துவரிடம் என்ன விறகு, எத்தனை ஆண்டுகள், சமையலிடத்தில் புகை வெளியேற வழி உண்டா என்பனவற்றையும் சொல்லுங்கள். இழுப்பு மருந்தைப் பயன்படுத்துவோர், அடுப்பைச் சீர்செய்த பின் இருமல் குறைந்துவிட்டது என்று அதனைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே ஏற்பட்ட நுரையீரல் பாதிப்பு திரும்பாது. புகை குறைந்தால் அது மேலும் வளரும் வேகம் தணியும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், உதடு நீலம்பாய்தல், ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, குழந்தைக்கு மூச்சுவிடும்போது விலாப்பக்கம் உள்வாங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பொதுவான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.