புற்றுநோயாளரின் ஆதரவுத் தேவைகளை மதிப்பிடுதல்: வினாநிரலும் தமிழ் மறுமொழியும்

புற்றுநோயாளரிடம் வலி எவ்வளவு உள்ளது என்று கேட்பதும், அவ்வலியின் பொருட்டு அவருக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்பதும் வெவ்வேறு வினாக்களாகும். மருத்துவமனைப் பதிவேடுகளில் பெரும்பாலும் முதல் வினாவிற்கே விடை காணப்படுகிறது. கனடாவின் எட்மண்டன் நகரில் 1991-இல் உருவான அறிகுறி மதிப்பீட்டு முறை வலி, அசதி, குமட்டல், மூச்சுத்திணறல் முதலியவற்றை இன்று 0 முதல் 10 வரையிலான எண்களால் அளவிடுகிறது. சில நிமிடங்களில் முடியும் இம்முறையின் பயன் பெரிது. ஆயினும் வலிக்கு 6 என்று குறித்த இருவருள் ஒருவர் மாத்திரை உட்கொண்டு தம் வேலையைத் தொடரலாம். மற்றவர் உலை வைக்கவும் ஆளின்றிக் கிடக்கலாம். எண் ஒன்றே, தேவை ஒன்றன்று.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர் நல்லாதரவு இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிய 'முழுமை வலி' என்னும் கருத்தை முன்வைத்தார். தேவை மதிப்பீட்டின் வேர் இக்கருத்தில் உள்ளது எனலாம். பின்னர் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வடிவமைத்த ஆதரவுத் தேவை வினாநிரல் 59 வினாக்களைக் கொண்டிருந்தது. அதன் சுருக்க வடிவில் 34 வினாக்கள் உள்ளன. உளவியல், மருத்துவ அமைப்பும் தகவலும், உடலும் அன்றாட வாழ்வும், நோயாளர் பராமரிப்பு, பாலியல் ஆகிய ஐந்து களங்களில் கடந்த ஒரு மாதத் தேவையை அது வினவுகிறது. விடைகளும் ஐந்து: தேவை எழவில்லை, எழுந்து நிறைவேறியது, நிறைவேறாத தேவை குறைவு, நடுத்தரம், மிகுதி.

இவ்விடைகளைத் தமிழில் பெறும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. "இதற்கு உதவி வேண்டுமா?" என்று கேட்டால் தமிழ் பேசும் நோயாளர் பலரிடமிருந்து எளிதில் எழும் மறுமொழி "பரவாயில்லை" என்பதாகும். துன்பமே இல்லை, இருந்தது தீர்ந்தது, இருக்கிறது ஆயினும் பொறுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு ஏன் சிரமம் என நான்கு பொருளையும் அச்சொல் தாங்கும். அதனை முதற்கட்டத்தில் குறிக்கும் ஆய்வாளர், நிறைவேறாத தேவை ஒன்றைப் பதிவிலிருந்தே நீக்கிவிடக்கூடும். "சோர்வு" என்னும் சொல்லும் அவ்வாறே. உடலின் அசதியையும் உள்ளத்தின் வாட்டத்தையும் அது ஒருங்கே சுட்டுவதால், தனித்தனியே கேட்கப்படும் இரு வினாக்கள் ஒரே விடையைப் பெறும். மொழிபெயர்த்ததை மீண்டும் ஆங்கிலத்திற்குப் பெயர்த்து ஒப்பிடும் வழக்கமான சோதனை இவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. அச்சோதனையில் அகராதிப் பொருள் பிழையின்றியே இருக்கும். நோயாளர் சிலரிடம் வினாவை வாசித்து, அவர்கள் அதை எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்று அவர்கள் சொற்களிலேயே கேட்டறிவது இன்றியமையாதது.

விடையளிப்பவர் யார் என்பதும் கருதத்தக்கது. நோயின் பெயரை நோயாளரிடம் மறைத்து, "கட்டி" என்று மட்டும் சொல்லிவைக்கும் குடும்பங்கள் உள்ளன. அத்தகையவரிடம் "புற்றுநோய் பரவிவிடும் என்ற அச்சத்திற்கு உதவி வேண்டுமா?" என்று கேட்பது, மருத்துவர் கூறாததை வினாநிரல் கூறுவதாக முடியும். எனவே தம் நோயைப்பற்றி அவர் அறிந்தது எது, மேலும் அறிய விரும்புகிறாரா என்பதை முதலில் உணர்தல் வேண்டும். மகனோ மனைவியோ அளித்த விடையை நோயாளரின் விடையாகக் கொள்ளாமல் தனியே பதிவதே முறை. பாலியல் பற்றிய வினாக்களை உறவினர் முன்னிலையில் கேட்டுப் பெறும் "இல்லை" தரவாகாது.

சுருக்க வடிவின் 34 வினாக்களுள் பணத்தைப்பற்றிய தனிவினா இல்லை. காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்பினும், பேருந்துக் கட்டணம், உடன் தங்குபவரின் உணவு, இருவரும் இழக்கும் நாட்கூலி ஆகியவை குடும்பத்தின்மீதே விழுகின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வாரந்தோறும் ஐந்து நாள் வரவேண்டிய கூலித்தொழிலாளர் இடையில் நின்றுவிட்டால், பதிவேடு அவரை 'தொடராதவர்' என்றே குறிக்கும். தமிழ் வடிவத்தில் இவ்வினாவைச் சேர்ப்பது மூல அளவுகோலின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைக் குலைக்கும் என்ற தடை எழலாம். அதனைத் தனிப்பகுதியாக இணைத்து, மதிப்பெண்ணில் கூட்டாது விடுவதில் அத்தடை எழாது.