படகால் மட்டும் எய்தும் பேழைகள்

2000-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள், உலகெங்கும் இருந்த ஜி.பி.எஸ். கருவிகள் ஒரே இரவில் கூர்மை பெற்றன. புதிய செயற்கைக்கோள் எதுவும் அன்று ஏவப்படவில்லை. கருவிகளிலும் எந்த மாற்றமும் இல்லை. பொதுமக்கள் பெறும் குறிகைகளில் அமெரிக்கப் படைத்துறை வேண்டுமென்றே கலந்துவந்த பிழை, குடியரசுத் தலைவர் கிளிண்டனின் ஆணையால் நிறுத்தப்பட்டது. நூறு மீட்டர் வரை தடுமாறிய இருப்பிடக் கணிப்பு பத்து, இருபது மீட்டருக்குள் ஒடுங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர், ஆரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் ஊருக்கு அருகில், கருநிற நெகிழி வாளி ஒன்றில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டுப் பாதி புதைத்துவைத்தார். அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் உலகறிய அறிவித்தார். சில நாள்களிலேயே வாளி கண்டுபிடிக்கப்பட்டது. ஜியோகேச்சிங் எனும் புதையல் தேடல் இவ்வாறு பிறந்தது.

இன்று அவ்வாறான பேழைகள் உலகமெங்கும் மறைந்துகிடக்கின்றன. ஒவ்வொன்றையும் எய்துவதற்கான அருமை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணால் குறிக்கப்படும். சக்கர நாற்காலியில் சென்று எடுக்கத்தக்கது ஒன்று; கயிறோ மூச்சுக்கலமோ படகோ இன்றி அணுக இயலாதது ஐந்து. படகை வேண்டும் ஐந்தாம் தரப் பேழைகளே இக்கட்டுரையின் பொருள். செயற்கைக்கோள் நமக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை இவற்றைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி, வாஷிங்டன் மாநிலத்தின் சான் வான் தீவுக்கூட்டம் உள்ளது. பெருந்தீவுகளுக்குக் கப்பல் ஓடுகிறது. ஆனால் ஓர்க்காஸ் தீவுக்கு வடக்கே ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவில் குதிரைலாடம்போல் வளைந்து கிடக்கும் சூசியாவுக்குப் பயணக்கப்பல் இல்லை, பாலம் இல்லை. சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோதான் செல்ல வேண்டும். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இத்தீவு தனியார் குடியிருப்பாக மாறிவிடுமோ என அஞ்சிய படகோட்டிச் சங்கங்கள் பணம் திரட்டி இதன் பெரும்பகுதியை வாங்கி, பூங்காவாக வைத்திருக்குமாறு மாநிலத்துக்கு வழங்கின. இன்று எவரும் அக்கரையில் இறங்க முடிவது அவர்களுடைய கொடையால்தான்.

இத்தகைய தீவொன்றில் பேழையைத் தேடுபவரின் கையில் இருப்பவை இரண்டு எண்கள். பாகையும் கலையும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலான பின்னமுமாக அவை எழுதப்படும். அகலாங்கில் ஒரு கலை என்பது ஏறத்தாழ ஒரு கடல்மைல், அதாவது 1852 மீட்டர். எனவே கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இடம் 1.85 மீட்டர் நகரும். நெட்டாங்குக் கோடுகள் வடமுனை நோக்கி நெருங்கிவருவதால், சூசியாவின் அகலாங்கில் அதே மாற்றம் 1.22 மீட்டர்தான்.

இந்த எண்களைப் பிறப்பிப்பவை கடிகாரங்கள். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் சுமந்து, தான் குறிகை அனுப்பிய நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. குறிகை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணிக்கிறது. மூன்று தொலைவுகள் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஆயினும் நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழையையும் அறிந்து நீக்க நான்காவது செயற்கைக்கோள் தேவைப்படுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியலும் இங்கே ஏட்டளவில் நிற்பதில்லை. ஈர்ப்புக் குறைந்த உயரத்தில் விரைந்து செல்லும் அக்கடிகாரங்கள், நிலத்துக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்துகின்றன. அதைத் திருத்தாவிடில் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை திரண்டுவிடும்.

இதே நீர்ப்பரப்பில் 1792-ஆம் ஆண்டில் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் அளவாய்வு செய்தார். கப்பலை நங்கூரமிட்டு நிறுத்திவிட்டு, துடுப்புப் படகுகளில் ஆள்களை அனுப்பி ஒவ்வொரு நுழைகுடாவையும் அளக்கச் செய்தார். இங்குள்ள பியூஜெட் சவுண்ட் என்னும் நுழைகுடாவின் பெயர் அவ்வாறு சென்ற துணை அதிகாரி பீட்டர் பியூஜெட்டின் நினைவாக இடப்பட்டது. வான்கூவருக்கும் நெட்டாங்கைத் தந்தவை கடிகாரங்களே. நெடும்பயணத்திலும் நேரம் தவறாத காலமானிகளை அவர் கொண்டுவந்திருந்தார். புவி ஒரு நொடியில் 15 விகலை சுழல்கிறது. சூசியாவின் அகலாங்கில் அது 306 மீட்டர். அதாவது, வான்கூவரின் காலமானி ஒரு நொடி பிழைத்தால் தீவு 306 மீட்டர் தள்ளிப்போகும். செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு மைக்ரோநொடி, அதாவது நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, பிழைத்தால், அதற்குள் ஒளி செல்லும் தொலைவு 300 மீட்டர். இரண்டு இடப்பிழைகளும் ஏறக்குறைய ஒரே அளவினவாக அமைவது என்னை வியக்கவைக்கிறது. இருநூறு ஆண்டுகளில் மனிதன் காலத்தை அளக்கும் நுட்பத்தில் எவ்வளவு தொலைவு கடந்துவந்தான் என்பதற்கு இதைவிட நேரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அணுக்கடிகாரம் எவ்வளவு நுட்பமானதாயினும், பேழை இருக்கும் பாறைக்கு எந்நேரத்தில் படகு அணுகலாம் என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது நிலவு.

இக்கடலில் நாள்தோறும் இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஆயினும் இரண்டு ஏற்றங்களும் ஒரே உயரமுடையன அல்ல. இரண்டு வற்றங்களும் ஒரே ஆழமுடையன அல்ல. நிலவு புவிநடுக்கோட்டுக்கு நேர்மேலே நில்லாமல் வடக்கும் தெற்குமாக விலகிச் செல்வதே இதன் முதன்மைக் காரணம். சியாட்டில் துறைமுகத்தில் நாளின் உயர்ந்த ஏற்றத்துக்கும் தாழ்ந்த வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு சராசரியாக மூன்றரை மீட்டர். கோடையில் மிகத் தாழ்ந்த வற்றங்கள் பகலில் நிகழ்கின்றன. குளிர்காலத்தில் அவையே இரவுக்கு மாறிவிடுகின்றன. ஆகவே, வற்றத்தின்போது மட்டும் தலைகாட்டும் பாறைத்தட்டின் வழியே எட்டத்தக்க பேழை, சூன் மாதப் பகலில் எளிதாகவும் திசம்பர் மாதப் பகலில் எட்டாததாகவும் ஆகும். எண்கள் இரண்டும் மாறாதிருக்க, எய்தும் வழி மட்டும் மாறிவிடுகிறது.

படகைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டுக் காட்டுக்குள் நுழைபவரின் நிலையைப் பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்வுள்ள கூழாங்கற் கரை அது. நீர் மூன்று மீட்டர் ஏறினால் கரைக்கோடு முப்பது மீட்டர் உள்ளே வரும். ஏற்றத்தின் நடுப்பகுதியில் வேகம் மிகுதி. ஒரு மணி நேரத்திலேயே ஏழு எட்டு மீட்டர் முன்னேறிவிடும். மரத்தில் கட்டப்படாத கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓசையின்றி மிதந்து போய்விடும். அதைப் பிடிக்க நீந்தலாம் என்று இறங்குவது பெருந்தவறு. இந்நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கிறது. முதல் ஒரு மணித்துளியில் மூச்சு கட்டுக்கடங்காமல் திணறும். பத்து மணித்துளிகளுக்குள் கைகால்கள் சொற்கேளாமல் போகும். உயிர்காப்பு மேலங்கியைப் படகில் வைத்துக்கொள்வது போதாது. உடலில் அணிந்திருக்க வேண்டும்.

நீரோட்டமும் தனிக் கணக்கு உடையது. இப்பகுதியிலுள்ள டிசெப்ஷன் பாஸ் என்னும் இடுக்கில் ஓட்டம் மணிக்கு எட்டுக் கடல்மைல் வரை விரையும். கயாக் வலிப்பவரின் இயல்பான விரைவு மூன்று, நான்கு கடல்மைல்தான். ஓட்டம் அடங்கும் வேளையும் நீர்மட்டம் உச்சம் தொடும் வேளையும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். இடுக்குகளில் அவ்வாறு இருப்பதில்லை. அதனால்தான் ஓத அட்டவணை ஒன்றும், நீரோட்ட அட்டவணை ஒன்றுமாகத் தனித்தனியே வெளியிடுகின்றனர். கரையேறிய பின்னரும் கருவி முழுத்துணை ஆகாது. ஈரம் சுமந்த டக்ளஸ் ஃபிர் மரக்கிளைகள் குறிகையை மெலியச் செய்கின்றன. செங்குத்துப் பாறைகளும் நீர்ப்பரப்பும் அதைத் தெறித்துத் திருப்புவதால் தொலைவு கூடியதுபோல் தோன்றுகிறது. கடைசிப் பத்து மீட்டரைக் கண்களே தேட வேண்டும்.

பேழை பெரும்பாலும் பழைய படைத்துறைத் தோட்டாப் பெட்டி. மூடியின் உள்விளிம்பில் ஓடும் இரப்பர்ப் பட்டையே அதன் உயிர். அதில் ஒரு மணற்பரலோ பாசித்துணுக்கோ ஒட்டியிருந்தாலும் கடற்காற்றின் ஈரம் புகுந்து குறிப்பேட்டைக் கூழாக்கிவிடும். ஆகவே பட்டறிவுடையோர் மூடும்முன் விரலால் அப்பட்டையைச் சுற்றிலும் வழித்துப் பார்ப்பர். பேனாவை விடுத்துப் பென்சிலால் எழுதுவர். மழையிலும் எழுதத்தக்க 'ரைட் இன் தி ரெயின்' தாள் இந்தப் பியூஜெட் சவுண்ட் கரையிலுள்ள டகோமா நகரிலேயே, மழைக்காடுகளில் மரம் வெட்டுவோருக்காக 1916-இல் உருவானது.

இத்தேடலில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. ஓரிடத்தின் எண்களை வெளியிடுவது, முன்பின் அறியாத மனிதர்களை அவ்விடத்துக்கு ஆண்டுக்கணக்கில் அழைத்துக்கொண்டே இருப்பதாகும். சான் வான் பகுதியில் 83 பாறைகளும் தீவுத்திட்டுகளும் கானுயிர்க் காப்பிடமாக உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மனிதர் காலடி வைக்கக் கூடாது. படகுகள் 200 கெசம், அதாவது ஏறத்தாழ 180 மீட்டர், விலகி நிற்க வேண்டும். அங்கு வாழும் கருநிறச் சிப்பிப்பிடிப்பான் என்னும் பறவை கூடு கட்டுவதில்லை. உயர் ஓதக்கோட்டுக்குச் சற்று மேலே, வெறும் பாறைக் குழியில், கல்லின் நிறமே கொண்ட முட்டைகளை இடுகிறது. படகிலிருந்து குதிப்பவரின் கால் முதலில் படும் இடமும் அதுவே. அவர் மிதிக்காவிட்டாலும், தாய்ப்பறவை வெருண்டு அகன்ற சில நொடிகள் கடற்காக்கைக்கு முட்டைகளைக் கவரப் போதும். அங்கே பேழை வைப்பதை எக்காரணத்தாலும் ஏற்க இயலாது. மாநிலப் பூங்காக்களில்கூட முன் அனுமதி பெற்றே வைக்க வேண்டும் என்பது நல்ல விதி.

பேழையே இல்லாத தேடலும் உண்டு. அமெரிக்க நிலவியல் கழகத்தின் ஆதரவில் 2004-இல் 'எர்த்கேச்' என்னும் வகை தொடங்கியது. அங்கே எண்கள் ஒரு பாறை அடுக்குக்கோ மடிப்புக்கோ இட்டுச்செல்லும். தேடி வந்தவர் அதை உற்றுநோக்கிக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். படகால் மட்டும் எய்தும் இடங்களுக்கு இதுவே மிகப் பொருத்தமான வகை என்பது என் முடிபு. உப்பு அரித்துத் தேன்கூடுபோல் துளைத்த சூசியாவின் மணற்பாறைகளை ஒரு பெட்டிக்காகக் கடந்து செல்வது வீண். இத்தீவின் கரையில் 2012-இல் கிடைத்த தொடையெலும்புத் துண்டு, ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊனுண்ணி டைனசோருடையது என்று சியாட்டிலின் பர்க் அருங்காட்சியக ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தனர். வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த முதல் டைனசோர் எச்சம் அதுவே.

அங்குச் செல்ல வாய்ப்புடையோர் முதலில் ஓத அட்டவணையையும் நீரோட்ட அட்டவணையையும் விரித்துப் பாருங்கள். காப்பிட எல்லைகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின்னரே பேழையின் எண்களைக் கருவியில் இடுங்கள். கரையில் புதைபடிவம் தென்பட்டால் தொடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கிருந்து அதை எடுத்துச்செல்வது குற்றம்.